லினக்ஸ் கணினியில் வைஃபை: மூடிய சில்லு முதல் திறந்த நிரல் வரை

முன்னுரை

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலையில், 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டம் உள்ளிட்ட தோட்டங்களின் குடியிருப்புகள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய நகரங்களுக்கு வரும் இணையக் கம்பியை ஒவ்வொரு லயத்துக்கும் இழுப்பது எளிதன்று. அங்கே பிள்ளைகளின் மடிக்கணினியை இணையத்தோடு சேர்ப்பது பெரும்பாலும் வைஃபை அட்டைதான். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய கணினியை லினக்ஸுக்கு மாற்றுவது இன்று பல குடும்பங்களுக்கு உகந்த வழி. அவ்வழியில் நெடுங்காலம் நின்ற தடை வைஃபை அட்டையே. சில்லுத் தயாரிப்பாளர்கள் நிரலைத் திறந்ததே அத்தடை விலக முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

தொடக்க காலம் (1996–2002)

வைஃபை அட்டைகளை ஒரே முறையில் கையாள லினக்ஸில் முதலில் வழிவகுத்தவர் ழான் தூரிலே. 1996இல் அவர் தொடங்கிய ‘வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ இடைமுகம் பத்தாண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது. ஆயினும் ஒவ்வொரு சில்லுக்கும் அதை இயக்கும் நிரலான ‘இயக்கி’யைத் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது.

மூடிய காலம் (2003–2006)

2003 மார்ச்சில் இன்டெல் தன் சென்ட்ரினோ மடிக்கணினித் தொகுப்பை வெளியிட்டபோது அதன் வைஃபை அட்டைக்கு லினக்ஸ் இயக்கி இல்லை. அந்த இடைவெளியில் பான்டஸ் ஃபுக்ஸ், கிரிதர் பெம்மசானி ஆகியோரின் என்டிஸ்ராப்பர் கைகொடுத்தது. விண்டோஸ் இயக்கி எதிர்பார்க்கும் செயற்கூறுகளை லினக்ஸின் மையநிரலான கெர்னலுக்குள்ளேயே அமைத்து, அவ்வியக்கியை அப்படியே ஓடவிட்டது அது. ஆனால் இயக்கியின் மூலநிரல் மூடியிருந்ததால், உள்ளே பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை.

பிராட்காம் சில்லுகளுக்கு வேறு உத்தி தேவைப்பட்டது. ஒரு குழு மூடிய இயக்கியை ஆராய்ந்து அதன் நடத்தையைக் குறிப்புகளாக எழுதியது. மற்றொரு குழு அக்குறிப்புகளை மட்டும் வைத்துப் புதிய இயக்கியைப் படைத்தது. அது 2006 ஜூனில் கெர்னல் 2.6.17இல் சேர்ந்தது. எனினும் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய நிலைபொருளைப் பகிர உரிமை இல்லை. நிலைபொருள் இல்லாமல் அட்டை இயங்காது, அட்டை இயங்காமல் இணையம் வராது, இணையம் வராமல் நிலைபொருளைப் பதிவிறக்க முடியாது. வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். நகரத்தில் இது சிறு தொல்லை. கணினிக் கடை தொலைவில் உள்ள தோட்டத்தில் கணினியே முடங்கிப்போகும்.

திறந்த காலம் (2007 முதல்)

2007இல் கெர்னல் 2.6.22இல் சேர்ந்த மேக்80211, பல இயக்கிகளுக்குப் பொதுவான அடித்தளம் ஆனது. மறு ஆண்டே பெருந்திருப்பம் நேர்ந்தது. 2008 ஜூலையில் சில்லுத் தயாரிப்பாளரான ஆதெரோஸ் நிறுவனம் தன் சில்லுகளுக்கான ஏடிஎச்9கே இயக்கியின் முழு மூலநிரலையும் வெளியிட்டது. அக்டோபரில் அது கெர்னல் 2.6.27இல் இடம்பெற்றது. கணினிக்குள் பொருத்தும் அட்டைகளில் இவ்வியக்கிக்குத் தனி நிலைபொருளும் தேவையில்லை. நிறுவனத்தின் சென்னைக் கிளைப் பொறியாளர்கள் இதில் பெரும்பங்கு ஆற்றினர். கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலில் ஏடிஎச்9கேக்கு எதிரே வசந்தகுமார் தியாகராஜன், செந்தில் பாலசுப்ரமணியன் ஆகிய பெயர்கள் இடம்பெற்றன. கணினித்தமிழ் வரலாறு எழுதுவோர் எழுத்துருவோடும் விசைப்பலகையோடும் நின்றுவிடாமல் இவ்வுழைப்பையும் பதிவுசெய்தல் வேண்டும்.

2010 செப்டம்பரில் பிராட்காமும் திறந்த இயக்கியை வெளியிட்டது. நிலைபொருள் சிக்கலும் பின்னர் தளர்ந்தது. 2022இல் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் உறுப்பினர்கள் வாக்களித்து எடுத்த முடிவின்படி, 2023இல் வந்த டெபியன் 12இன் நிறுவல் வட்டிலேயே பகிர உரிமையுள்ள நிலைபொருள்கள் சேர்க்கப்பட்டன.

மலேசியப் பள்ளிகள்

2013இல் மலேசியப் பள்ளிகளுக்கான ‘1பெஸ்தாரிநெட்’ திட்டத்தின்வழி குரோம்புக் கணினிகள் அறிமுகமாயின. அவற்றின் இயங்குதளம் லினக்ஸ் கெர்னலின் மீது எழுந்தது. 2019 ஜூனில் திட்டம் முடிவுற்றது. ஆயினும் அட்டையும் இயக்கியும் முன்கூட்டியே பொருத்தம் பார்த்து வந்தால், லினக்ஸில் வைஃபைக்காகப் பயனர் எதையும் தேட வேண்டியதில்லை என்பதற்கு அக்கணினிகள் சான்று.

முடிவுரை

இன்றும் மலிவான யூஎஸ்பி வைஃபை கருவிகள் பலவற்றுக்குக் கெர்னலுக்கு வெளியே உள்ள இயக்கியே கதி. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அது செயலிழக்கக்கூடும். ஆகவே கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கணினி வழங்கும் முன்னாள் மாணவர்களும் பெற்றோரும், பெட்டியின் மேல் உள்ள வணிகப்பெயரை நம்பாமல் உள்ளிருக்கும் சில்லின் பெயரைக் கேட்டறிய வேண்டும். கெர்னலிலேயே இயக்கி உள்ள சில்லைத் தேர்ந்து வாங்குங்கள்.