காஞ்சி கண்ட நகையும் 1964-இன் இரு படங்களும்

காஞ்சியின் பெருமை பேசப் புகுவோர் கோயிலையும் பட்டையும் கூறி அமைந்துவிடுவர். ஏழாம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், இந்நகரத் தெருக்களையே களமாக்கி 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகை நாடகத்தை வடமொழியில் யாத்தான் என்பதை நினைப்பவர் சிலரே. மதுவில் மயங்கிய காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவிமேல் பழி சுமத்துகிறான். கவ்விச் சென்றதோ ஒரு நாய்! அரசனே நகைச்சுவை எழுதிய ஊரில், நகைச்சுவைத் திரைப்படத்தை ஆராய்ச்சிக்கு உரியதன்று எனத் தள்ளுவது எனக்கு உடன்பாடன்று.

1964ஆம் ஆண்டு இவ்வகையில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு ஜூலையில் இலண்டனில் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் நடித்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' வெளிவந்தது. நால்வரின் புகழ் மங்குமுன் இசைத்தட்டு விற்க வேண்டும் என்னும் வணிக நோக்கில், குறைந்த செலவில், கறுப்பு வெள்ளையில் விரைந்து எடுக்கப்பட்ட படம் அது. மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கி நான்கு திங்களில் அரங்கேறியது. ஆயினும் இயக்குநர் ரிச்சர்டு லெஸ்டரின் துள்ளும் படத்தொகுப்பும், பெரியோரின் மிடுக்கை எள்ளும் இளைஞரின் சொல்லாடலும் பிற்கால இசைப்படங்களுக்கு இலக்கணமாயின.

அதற்குச் சில திங்கள் முன்னர், பிப்ரவரியிலேயே தமிழகத்தில் 'காதலிக்க நேரமில்லை' வெளிவந்துவிட்டது. எனவே இது அதன் சாயல் என்பார் கூற்றுக் காலக்கணக்கில் நில்லாது. 'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) என அழவைத்தே புகழ் பெற்ற ஸ்ரீதர், செங்கல்பட்டுப் பள்ளித்தோழர் கோபுவுடன் சேர்ந்து இக்கதையை அமைத்தார். அந்நாளில் காஞ்சியும் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியது. ஆகவே அவர்களை நம்மவர் என்று கொள்வதில் பிழையில்லை! வின்சென்ட்டின் ஒளிப்பதிவு ஆழியாற்றின் பசுமையை ஈஸ்ட்மென் வண்ணத்தில் காட்டியது.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். அதற்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினையும் கூறினார். மெய்ப்பாட்டியல் நடத்தும் வகுப்பில் இப்படத்தையே நான் எடுத்துக்காட்டாகக் கொள்வதுண்டு. வேலை பறிக்கப்பட்ட இளைஞன் முதலாளியின் மாளிகை எதிரே கூடாரம் அடித்து, தோழருடன் ஆடிப்பாடி வேலை கேட்கிறான். எள்ளலும் இளமையும் அங்கே ஒன்றுகின்றன. கண்ணதாசனின் சொல்லுக்கு விசுவநாதன்-இராமமூர்த்தி இணையர் மேனாட்டுத் தாளம் பூட்டினர். முதலாளியின் பெயரும் விசுவநாதன் என்பதால், பாட்டில் அழைக்கப்படுபவர் இசையமைப்பாளரோ என மயங்கவும் இடமுண்டு. வேலையின்மை அழுகைக்குரிய பொருள். அதனை ஆட்டமாக்கியது சிறுமையா? அன்று. இரந்து நிற்க வேண்டியவன் ஈண்டு எள்ளி நிற்கிறான். கவிஞர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

முத்துராமன் ஒட்டுத்தாடியுடன் செல்வந்தராக வர, பாலையா அப்படியே நம்பிவிடுகிறார். பிறர் கொளுத்தியதைக் கொண்டு விடாத இம்மடமைக்கு வேறு சான்று வேண்டா.

இப்படம் 1965இல் தெலுங்கிலும் 1966இல் இந்தியிலும் மறுவடிவம் பெற்றது. இசை இணையர் 1965இல் பிரிந்தனர்.

எனினும் என் நெஞ்சில் நிற்பது பாட்டில்லாத ஒரு காட்சியே. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' நடத்தும் மகனாகிய நாகேஷ், தந்தை பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிறார். திரையில் பேயும் இல்லை, காடும் இல்லை. கதவின் கிறீச்சொலியையும் காலடியோசையையும் நாகேஷின் வாயே தருகிறது. எஞ்சியதெல்லாம் பாலையாவின் முகம். சொல்பவனைவிடக் கேட்பவரே அங்கு மிகுதியாக நடிக்கிறார். வகுப்பில் இதனை விளக்கப் புகுந்து, நானே சிரித்துப் பாடத்தை நிறுத்தியதும் உண்டு.