உதயகிரியில் ஒரு கேள்வி

இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில், அங்கிருந்து தக்கலை. அதற்குப் பிறகு நடைதான். கூட வந்தவன் பள்ளிக்கூட நண்பன். வளைகுடாவில் வேலை, லீவு முடிய இன்னும் நாலு நாள்.

முதலில் பத்மநாபபுரம். திருவனந்தபுரத்துக்கு முன்பு திருவிதாங்கூரின் தலைநகர். 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, ஆனால் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம்தான். "மண்ணு நமக்கு, வீடு அவங்களுக்கு" என்று சிரித்தான்.

அங்கிருந்து உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் சிக்கிய டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாய். பிறகு அதே மன்னரின் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார், தளபதியானார், இந்தக் கோட்டையையும் புதுப்பித்தார். 1777இல் இங்கேயே இறந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும்.

இதை வெற்றிக் கதையாகத்தான் நாம் கேட்டு வளர்ந்தோம். ஊர் திரும்பாத ஒருத்தரின் கதையாக நான் யோசித்ததே இல்லை. அவன் யோசித்தான்.

"36 வருஷம். ஊருக்குப் போணும்னு அவருக்குத் தோணிருக்காதா மக்கா?"

நான் பெங்களூரு போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. பதில் சொல்லாமல் அவன் பக்கத்தில் நின்றேன்.