பாகாயம் போய் வந்த சித்தி

"ஜெபிக்கிற வீட்டுக்கு எதுக்கு மனநல டாக்டர்?" எங்க பெருமாட்டியில் சித்தப்பா மூணு வருஷம் வாசல் தாண்டாம இருந்தப்ப சொந்தக்காரங்க கேட்டது இது. வேடிக்கை என்னன்னா, அந்த வைத்தியத்தை இங்கே வளர்த்ததில் மிஷனரிகளுக்கும் பெரிய பங்கு உண்டு! லக்னோவில் 1950-ல் நூர் மன்சில் மனநல மையத்தைத் தொடங்கியவர் ஸ்டான்லி ஜோன்ஸ். அவரே மனசு நொறுங்கி மீண்டவர். வேலூர் சி.எம்.சி. 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் திறந்தது. பூட்டி வைக்கிற பேச்சில்லை. வீட்டாள் ஒருத்தர் கூடவே தங்கணும். சித்தி தங்கினார்.

அங்கே சொல்லிக்கொடுத்தது, தென்னாப்பிரிக்க டாக்டர் ஜோசப் வோல்பி 1958-ல் புத்தகமாக எழுதிய வழி: உடம்பைத் தளர்த்தி, பயத்தைப் படிப்படியாகச் சந்திப்பது. ஊர் திரும்பியதும் காலை ஜெபம், பிறகு வாசல்வரை நடை. அடுத்த வாரம் பஸ் ஸ்டாப். மூணாம் மாசம் சர்ச். கடைசி பெஞ்சு, கதவோரம்.