நாற்பத்திரண்டு நாள் சோதனையும் இருபத்தைந்து ஆண்டு வாக்குறுதியும்

வீட்டு மாடியில் சூரிய மின்பலகை வைக்க எண்ணுகிறவரிடம் விற்பனையாளர் முதலில் சொல்லும் சொல் '25 ஆண்டு கியாரண்டி' என்பதாகும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் வீட்டுக்கூரைச் சூரிய மின்திட்டம் தொடங்கிய பிறகு, நாகர்கோவில், தக்கலை, குளச்சல் எங்கும் இச்சொல்லைக் கேட்கலாம். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இன்று கடைக்கு வரும் பலகையின் மாதிரி சந்தைக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருக்கும். அதே மாதிரிப் பலகை 25 ஆண்டு வெயிலில் கிடந்து தேறியதாக உலகில் எங்கும் காட்ட முடியாது. அப்படியானால் 25 என்னும் எண் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண, பலகைகளைச் சோதிக்கும் முறை வளர்ந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சிலிக்கன் சூரிய மின்கலம் 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. சேப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் அதனை உருவாக்கினர். வெயிலின் ஆற்றலில் 6 விழுக்காட்டை அது மின்சாரமாக மாற்றியது. மறு ஆண்டே ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்னும் ஊரில் ஒரு தொலைபேசிக் கம்பத்தின் மேல் ஏற்றிப் பார்த்தார்கள். வேலை செய்தது, ஆனால் விலை கட்டுபடியாகவில்லை. எனவே மின்கலம் விண்வெளிக்குப் போயிற்று. 1958-ல் ஏவப்பட்ட வான்கார்டு-1 செயற்கைக்கோளின் வானொலிக் கருவி சூரிய மின்கலங்களின் துணையால் 1964 வரை பேசிக்கொண்டிருந்தது.

விண்வெளி கொடுமையான இடம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே மழை இல்லை, ஈரம் இல்லை, உப்பு இல்லை, காகமும் இல்லை. மின்கலத்தின் உண்மையான சோதனைக் காலம் அது பூமிக்குத் திரும்பியபோதுதான் தொடங்கியது எனலாம். அது திரும்பி வந்த இடங்களில் முக்கியமானது கடற்கரை. 1966-ல் ஜப்பானில் ஓகாமித் தீவின் கலங்கரை விளக்கத்தில் 225 வாட் பலகைத் தொகுதி பொருத்தப்பட்டது. 1970களில் மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் எச்சரிக்கை விளக்குகளுக்குப் பலகைகள் வாங்கப்பட்டன. கம்பி போட்டு மின்சாரம் கொண்டுபோக முடியாத இடங்கள் இவை. பலகைக்குத் தரையில் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர்கள் உப்புக் காற்றின் நடுவில் இருந்தவர்கள் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்தார் நினைவில் வைப்பது நல்லது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-ல் அமெரிக்க அரசு மலிவான பலகைகளை உருவாக்கும் பணியைக் கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்திடம் ஒப்படைத்தது. அந்தக் கூடம் ஒரு சாமர்த்தியமான வழியைக் கையாண்டது. பலகைகளைத் தொகுதி தொகுதியாகத் தொழிற்சாலைகளிடமிருந்து விலைக்கு வாங்கியது. வாங்குமுன் இன்னின்ன சோதனைகளில் தேற வேண்டும் என்று விதித்தது. வாங்கியவற்றை வெட்டவெளியில் நிறுத்தி, எது எதனால் கெடுகிறது என்று பார்த்தது. பார்த்ததைக் கொண்டு அடுத்த தொகுதிக்கு விதியைத் திருத்தியது. இவ்வாறு ஐந்து தொகுதிகள். வெளியில் நேர்ந்த ஒவ்வொரு பழுதும் சோதனைச்சாலைக்குள் ஒரு புதிய கேள்வியாக நுழைந்தது. ஆலங்கட்டி விழுந்து உடைந்தால் ஆலங்கட்டிச் சோதனை. ஒரு மின்கலத்தின் மேல் மட்டும் நிழல் விழுந்து அது சூடேறிக் கருகினால் அதற்கொரு சோதனை. தென்னை ஓலையின் நிழல் பலகைமேல் ஆடிக்கொண்டிருக்கும் நம் ஊர் மாடிகளுக்கு இந்த இரண்டாவது சோதனை மிக வேண்டியது.

வெப்பம் ஏறி இறங்கும் சோதனையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நடுத் தொகுதிகளில் 50 சுற்றுகளாக இருந்த இது, 1981-ஐ ஒட்டி வந்த ஐந்தாம் தொகுதியில் 200 சுற்றுகளாக உயர்ந்தது. இன்றைய விதியில் ஒரு சுற்று என்பது -40 பாகை முதல் 85 பாகை செல்சியஸ் வரை சென்று திரும்புவது. 'நாஞ்சில் நாட்டில் எப்போது -40 பாகை குளிர் வந்தது?' என்று மாணவர்கள் சிரிக்கலாம். கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். மின்கலங்களை ஒன்றோடொன்று இணைப்பது செம்புப் பட்டை. 15 சென்டிமீட்டர் நீளத்தில் 125 பாகை வேறுபாட்டுக்குச் செம்பு 0.32 மில்லிமீட்டர் நீளும், சிலிக்கனோ 0.05 மில்லிமீட்டர்தான் நீளும். இரண்டையும் பிடித்திருக்கும் பற்றாசு இழுபட்டு இழுபட்டுக் களைத்து ஒருநாள் விரிசல் விடும். நம் மாடியில் பலகை இரவில் 25 பாகை, நண்பகலில் 65 பாகை என்று வைத்தால், நாள்தோறும் 40 பாகை வேறுபாடு. 25 ஆண்டில் இது 9,000 முறைக்கு மேல் நடக்கும். அத்தனை முறை சோதிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆகவே வேறுபாட்டைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். குளிர் இங்கே உவமைதான், களைப்பே பொருள்.

இம்முறையால் விளைந்த பயனை ஓர் எண் காட்டும். பத்தாண்டுக் களப் பதிவுகளைத் தொகுத்து 1993-ல் வெளியான ஒரு கணக்கின்படி, ஐந்தாம் தொகுதி விதிக்கு முந்திய பலகைகளில் 45 விழுக்காடு பழுதுற்றன. அதற்குப் பிந்தியவற்றில் பழுது 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு.

இவ்வளவும் கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. கலிபோர்னியாவின் கரிசா சமவெளியில் 1980களின் நடுவில் 5 மெகாவாட் அளவில் ஒரு பெரிய சூரிய மின்நிலையம் இயங்கியது. வெயிலைக் கூட்டுவதற்காகப் பலகைகளின் இருபுறமும் கண்ணாடிகள் வைத்திருந்தார்கள். சில ஆண்டுகளில் பலகைகள் மஞ்சளித்துப் பின் பழுப்பேறின. மின்கலத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைக்கும் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் உறைப்பொருள், வெப்பமும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து தாக்கியதில் சிதைந்திருந்தது. மின் உற்பத்தி விழுந்தது. 1990களில் நிலையமே பிரிக்கப்பட்டது. அன்றைய சோதனைகளில் புற ஊதாக் கதிருக்குப் போதிய இடம் இருக்கவில்லை. சோதனையில் கேட்கப்படாத கேள்வியை வெயில் கேட்டுவிட்டது.

ஐரோப்பாவில் இத்தாலியின் இஸ்ப்ரா ஆய்வுக்கூடமும் இதே பணியில் இறங்கியிருந்தது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1981-ல் சூரிய மின்சாரத்துக்கென ஒரு குழு அமைத்தது. 1993-ல் உலகம் முழுமைக்குமான தர நிர்ணயம் வெளிவந்தது. இன்று அது 61215 என்னும் எண்ணால் அறியப்படுகிறது. 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டை வினாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் வந்து மோதும். சதுர மீட்டருக்கு 2,400 நியூட்டன் சுமை அழுத்தும். எல்லாவற்றிலும் பெயர் பெற்றது ஈரவெப்பச் சோதனை: 85 பாகை வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம், 1,000 மணி நேரம். அதாவது ஏறக்குறைய 42 நாள்.

இந்த 42 நாள் எத்தனை ஆண்டுக்குச் சமம்? வேதிவினை ஒவ்வொரு 10 பாகைக்கும் இரு மடங்கு விரைவாகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நம் பலகையின் சராசரி வெப்பநிலை 45 பாகை என்று கொள்வோம். 85 வரை நான்கு படி, 16 மடங்கு. 42 நாள் 672 நாளாகும். இரண்டு ஆண்டுகூட இல்லை. இரு மடங்குக்குப் பதில் மும்மடங்கு என்று வைத்தால் 81 மடங்கு. ஒன்பது ஆண்டுக்கு மேல் வரும். ஈரப்பதத்தைக் கணக்கில் சேர்த்தால் எண் இன்னும் மாறும். ஒவ்வொரு பொருளின் சிதைவுக்கும் இந்த மடங்கு வேறு வேறு. ஆகவே சோதனையில் தேறிய பலகைக்கு 'இளமையில் சாகாது' என்று சொல்லலாமே தவிர, ஆயுளைச் சொல்ல முடியாது. 25 ஆண்டு என்பது உற்பத்தியாளர் தரும் வாணிக உறுதிமொழி. அது சோதனைச்சாலை அளந்து சொன்ன எண் அன்று. இந்த வேறுபாட்டை விளம்பரங்கள் சொல்வதில்லை.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது இன்னொரு முறை தெளிவாயிற்று. பாலிஅமைடு என்னும் பிளாஸ்டிக்கால் ஆன பின்தாள் கொண்ட பலகைகள் ஏராளமாக விற்பனையாயின. அவை 61215-ல் தேறியவையே. ஆனால் வெயிலில் நான்கைந்து ஆண்டு கிடந்ததும் பின்தாள் பாளம் பாளமாக வெடித்தது. காரணம் எளிது. சோதனையில் ஈரவெப்பம் ஒரு பலகைக்கு, வெப்பச் சுற்று வேறொரு பலகைக்கு. தொடக்கத்தில் தரப்படும் புற ஊதாக் கதிரோ சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணி. நம் ஊர் வெயிலில் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் கிடைப்பது. இயற்கையில் வெயில், மழை, காற்று, வெப்பம் யாவும் ஒரே பலகையின் மேல்தான் மாறி மாறி இறங்குகின்றன. அமெரிக்காவின் கோல்டன் நகர ஆய்வகத்தார் இவற்றை ஒரே பெட்டிக்குள் இணைத்துச் செலுத்தியபோது அதே வெடிப்பு தோன்றியது. 2021-ல் திருத்தப்பட்ட 61215-ல் காற்றின் அசைவைப் போல முன்னும் பின்னும் அழுத்தும் சோதனையும், உயர் மின்னழுத்தத்தால் வரும் சீர்கேட்டுக்கான சோதனையும் சேர்ந்தன. இணைத்துச் சோதிக்கும் முறை அடிப்படை விதியில் இடம் பெறவில்லை.

நம் நாட்டில் சாகிபாபாதின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல் மின்கலத்தையும் 1978-ல் பலகையையும் செய்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் உலக விதியையே ஐ.எஸ். 14286 என்ற எண்ணில் ஏற்றுக்கொண்டது. விற்பனைக்கு அது கட்டாயம் என்ற ஆணை 2017-ல்தான் வந்தது. இதற்கிடையே மும்பை ஐ.ஐ.டி.யும் குருகிராமத்தின் தேசியச் சூரிய ஆற்றல் நிறுவனமும் 2013, 2014, 2016, 2018 ஆண்டுகளில் நாடெங்கும் பலகைகளை அளந்தன. வெப்பம் மிகுந்த பகுதிகளில் பலகைகள் விரைவாகத் தளர்ந்திருந்தன. பெரிய மின்நிலையங்களைவிடச் சிறிய கூரை அமைப்புகள் மோசமாக இருந்தன. என் கருத்தில் இந்த ஆய்வுகள் எந்தச் சோதனைப் பெட்டியையும்விட மதிப்புள்ளவை. இவை தொடர்ந்து நடக்க வேண்டும்.

கடைசியாக உப்பு. மணக்குடியிலும் முட்டத்திலும் ஜன்னல் கம்பி என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியும். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து அரிப்பை அளந்து வந்திருக்கிறது. பலகைகளுக்கான உப்புமூட்டச் சோதனை 61701 என்னும் தனி எண்ணில் 1995-ல் வந்தது. 2011-ல் உப்பு நீரைத் தெளிப்பதும் ஈரத்தில் வைப்பதும் மாறி மாறி வரும்படி திருத்தப்பட்டது. ஆனால் இது 61215-க்குள் அடங்கியது அன்று. 61215-ல் மட்டும் தேறிய பலகை உப்பைப் பற்றி எந்தக் கேள்விக்கும் விடை சொல்லியிருக்காது. கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவர்கள் 61701 சான்றிதழைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். அதில் எத்தனையாம் கடுமை நிலை என்பதையும் பார்க்க வேண்டும். பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் போல்ட்டுகளுக்கும் இந்த இரு எண்களில் எதுவும் பொருந்தாது. நம் கடற்கரையில் பெரும்பாலும் பலகைக்கு முன்னே துருப்பிடிப்பவை அவைதாம்.