குறிஞ்சிப் பூவும் அடுக்கத்துச் சாரலும்

குன்றுதோறும் நின்றாடும் குமரப் பெருமானது திருவருளை முன்னிட்டு, அப்பெருமானுக்கு உரிய நிலத்தின் மலர்களைப் பற்றிச் சில கூறத் துணிகின்றேன். திருக்குட நன்னீராட்டு மலரில் மலர்களைப் பற்றியே எழுதுதல் பொருத்தமுடைத்தென அன்பர்கள் கொள்வார்களாக.

அடுக்கம் என்பது பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து பெருமாள்மலை நோக்கி ஏறும் வழியில் அமைந்த ஊர். அடுக்கம் என்னும் சொல்லைச் சங்கச் சான்றோர் பக்கமலை, மலைச்சாரல் என்னும் பொருளில் பலகாலும் வழங்கியுள்ளனர். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அச்சொல் ஏட்டில் மட்டும் நில்லாது ஓர் ஊரின் பெயராகவும் இன்றளவும் வாழ்தல் மகிழ்தற்குரியது. சொல் வாழ்கின்றது, அச்சொல் குறிக்கும் சாரலும் அதன் பூக்களும் வாழ்கின்றனவா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பெயர் பெற்றது அங்கு மலரும் ஒரு பூவினால் ஆகும். அப்பூவோ பெருமரத்துப் பூவன்று. புல்வெளிச் சரிவில் முழங்காலளவோ இடுப்பளவோ வளரும் சிறுபுதரின் நீலப்பூ அது. பன்னீராண்டுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, விதையை நிலத்திற்கு அளித்துவிட்டுச் செடி மடிந்துவிடும். புதிய தலைமுறை அவ்விதையினின்றே எழும். விதைகளை உண்ணும் உயிர்கள் எத்துணை உண்டாலும் எஞ்சி முளைப்பதற்குப் போதிய விதை கிடைக்கும்படி, எல்லாச் செடிகளும் ஒரே காலத்தில் பூக்கின்றன என்று செடிநூலார் காரணம் கூறுவர். பளியர் முதலிய மலைவாணர் இதன் பூப்பைக் கொண்டே தம் வயதை எண்ணினர் என்பதும் வழிவழிக் கேட்கப்படும் செய்தி.

ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பர். 261 அடிகளையுடைய அப்பாட்டில், சுனையாடிய மகளிர் பறித்துக் குவித்த 99 மலர்களின் பெயர்கள் உள்ளன. முருகனுக்கு உகந்த காந்தள் அவற்றுள் முதலாவது. குறிஞ்சியும் வெட்சியும் அவ்வரிசையில் உண்டு. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, ஏட்டுப் பிரதிகளில் இம்மலர்ப் பெயர்கள் வரும் பகுதி சிதைந்திருந்தது. அவரோ சோர்வுறாது தேடித் தருமபுர ஆதீனத்து ஏடுகளுள் அப்பகுதியைக் கண்டெடுத்தார். பத்துப்பாட்டு 1889-இல் அச்சேறியது. ‘உதிர்ந்த மலர்கள்’ என்று அவர் இதனைப் பெயரிட்டு எழுதியதும் அறிஞர் அறிவர். உதிர்ந்த மலர்களின் பெயர்களை ஒரு சைவத் திருமடம் காத்துத் தந்தது. மடத்தில் தமிழ் கற்ற அடியேனுக்கு இச்செய்தியை நினைக்குந்தோறும் உள்ளம் உருகும். பெயரைக் காத்த மரபினர் பூவைக் காவாது விடுதல் முறையாகுமோ?

இனி, கோடைக்கானலில் எழுந்தருளியுள்ள குறிஞ்சியாண்டவரை நினைப்போம். அத்திருக்கோயில் 1936-இல் எழுந்தது. அதனை எடுப்பித்த பெருமாட்டியார் லீலாவதி இராமநாதன், ஆஸ்திரேலியக் குடிப்பிறந்தவர். யாழ்ப்பாணத்துச் சைவப் பெருந்தகை சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவம் தழுவியவர். எங்கோ பிறந்த ஒருவர் இம்மலையின் பூவினால் இறைவனுக்குப் பெயரிட்டு வழிபட்டமை வியக்கத்தக்கது.

அவர்தம் முன்னோர் நாட்டிற்கும் தனக்கே உரிய பூக்கள் உண்டு. பாங்சியா என்பது அவற்றுள் ஒன்று. 1770-இல் அந்நாட்டுக் கரையில் செடிகளைத் தொகுத்த ஜோசப் பாங்ஸ் என்பாரின் பெயரால் வழங்குவது. விளக்குத்தண்டு போல நிமிர்ந்த அதன் பூங்கதிர் முதிர்ந்து மரக்கட்டை போன்ற காயாகும். பாங்சியா இனங்கள் பலவற்றில் காட்டுத்தீ பட்ட பின்னரே காய் வெடித்து விதை வெளிப்படும். குறிஞ்சி காலத்தை நோக்கியிருப்பது போல, பாங்சியா தீயை நோக்கியிருக்கின்றது. இரண்டும் தத்தம் நிலத்தின் இயல்புக்கு இசைந்து வாழ்வன. அந்தந்த நிலத்தை விட்டு நீக்கினால் அவ்வியல்புக்குப் பொருளில்லை.

அதே நாட்டு மரங்கள் சில நம் பழனிமலைக்குக் கொண்டுவரப்பட்டன. பாங்சியாவின் குடும்பத்தைச் சேர்ந்த சில்வர் ஓக், காப்பித் தோட்டங்களில் நிழல் தந்து மிளகுக்கொடிக்குக் கொழுகொம்பாய் நிற்பது. அதனால் பெருங்கேடு இல்லை. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் மேன்மலைப் புல்வெளிகளில் நட்ட வாட்டில் மரமும் தைலமரமுமோ அவ்வாறு அடங்கி நிற்கவில்லை. வாட்டில் தானே பரவிச் சரிவுகளை மூடியது. வெயில் விழாத இடத்தில் குறிஞ்சி முளைப்பதில்லை. மரங்களைக் குறைகூறுவதற்கில்லை, தம் நாட்டில் அவையும் நிலத்துக்குரிய செல்வமே. இடமறியாது நட்டது மக்கள் செய்த பிழை.

1994-இல் மாணவர் சிலருடன் யான் குறிஞ்சி காணச் சென்றேன். வழிகாட்டிய முதியவர் ஒரு சரிவைச் சுட்டினார். அடிமுதல் முடிவரை நீலமாயிருந்தது. 2006-இல் அவ்விடத்திற்கே மீண்டும் போனபோது பாதிச் சரிவில் மரங்கள் நின்றன. 2018-இல் பூவைக் காண மரங்களுக்கு இடையே தேட வேண்டியதாயிற்று. இனி 2030-இல் பூக்கும். அன்று அடியேன் இருப்பேனோ இல்லையோ முருகன் அறிவான். பூ இருத்தல் வேண்டும்.

நன்முயற்சிகளும் இல்லாமல் இல்லை. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பணியாற்றிய பாதிரியார் மேத்யூ இம்மலையின் செடிகொடிகளை ஆராய்ந்து 1999-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 2013-இல் கோடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயம் அமைந்தது. அயற்செடிகளை அகற்றிக் காட்டை மீட்கும் கொள்கையைத் தமிழ்நாட்டரசு 2022-இல் வகுத்தது. மலையடியில் வாழும் யாமும் செய்தற்குரியன சில உண்டு.

கோயில் நந்தவனங்களில் விலைக்கு வாங்கிய அயல்நாட்டுப் பூஞ்செடிகளுக்கு முன்னுரிமை தருவதை விடுத்து, செங்காந்தளையும் வெட்சியையும் கடம்பையும் வேங்கையையும் வளர்க்கலாம். வள்ளிநாயகியார்பொருட்டு ஐயன் வேங்கைமரமாய் நின்ற வரலாறு குழந்தைகளுக்கு விளங்க, அம்மரம் ஒன்றாவது கோயிற்புறத்தே நிற்றல் வேண்டும். குறிஞ்சியை மட்டும் தொட்டியிலிட்டு வளர்த்து மனநிறைவு கொள்ளுதல் போதாது. அதன் கோயில் திறந்த புல்வெளிச் சரிவே. மேன்மலைக்குச் செல்லும் அன்பர்கள் பூத்த கொத்தைக் கொய்து வாராதிருப்பதும் ஒரு வழிபாடேயாம். கொய்யும் கொத்தோடு பன்னீராண்டு கழித்துப் பூக்க வேண்டிய விதையும் போய்விடும் என்பதை இளைஞர் உணர்வாராக.

கோபுரத்துக் கலசத்திற்கு நன்னீராட்டும் விழாவும் பன்னீராண்டுக்கு ஒருமுறை நிகழ்வதே நம் மரபு. மலையும் அக்கால அளவிலேயே தன்னைப் புதுப்பித்துக் கொள்கின்றது. ஒரு விழாவிற்கு ஆவன செய்த அன்பர்கள் மற்றொன்றையும் மறவாதிருக்க, குறிஞ்சிக் கிழவனாம் குமரவேள் திருவருள் புரிவானாக.