சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த மனு... கையெழுத்து போட்ட வக்கீலுக்கு அபராதம்! கோர்ட் வேலைக்கு ஏஐ-யைப் பயன்படுத்துவது எப்படி?

கோர்ட்டில் ஒரு மனு தாக்கல் ஆகிறது. அதில் ஆறு பழைய தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. எதிர்தரப்பு வக்கீல்கள் தேடிப் பார்க்கிறார்கள், கிடைக்கவில்லை. நீதிபதி தேடுகிறார், அவருக்கும் கிடைக்கவில்லை. ஏன்னா, அப்படி ஆறு தீர்ப்புகளை எந்த நீதிமன்றமும் வழங்கியதே கிடையாது. அத்தனையும் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த கற்பனை.

2023-ல் நியூயார்க்கில் நடந்த இந்தச் சம்பவத்துக்குப் பிறகும் பல நாடுகளில் இதே தவறு தொடர்கிறது. அப்படின்னா வக்கீல்கள் ஏஐ-யைத் தொடவே கூடாதா? தொடலாம். எதற்கு, எந்த அளவுக்கு, என்ன எச்சரிக்கையோடு என்பதுதான் விஷயம். விரிவாகப் பார்ப்போம்.

நியூயார்க் வழக்கில் என்ன நடந்தது?

அவியான்கா விமானத்தில் பயணம் செய்த ஒருவர், உணவு கொண்டு வரும் தள்ளுவண்டி முழங்காலில் இடித்துக் காயம் ஏற்பட்டதாக நஷ்டஈடு கேட்டு வழக்கு போட்டார். அவருக்காக மனு தயாரித்தவர் 30 ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ள வக்கீல். சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகள் மீது அவருக்கே சந்தேகம் வந்தது. 'இந்த வழக்கு நிஜமா?' என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார். 'நிஜம்தான்' என்று பதில் வந்தது. அதை நம்பிவிட்டார்.

நீதிபதி கெவின் காஸ்டல் 2023 ஜூன் மாதம் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்த உத்தரவில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம்பகமான ஏஐ கருவியின் உதவியைப் பெறுவதில் தவறில்லை என்றே அவர் சொன்னார். தாக்கல் செய்வது சரியானதா என்று உறுதிசெய்யும் பொறுப்பு வக்கீலுடையது, அதைத் தட்டிக்கழித்ததுதான் தவறு என்றார்.

ஏஐ ஏன் இல்லாத தீர்ப்பைச் சொல்கிறது?

சாட்ஜிபிடி போன்ற கருவிகள், ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து வாக்கியம் அமைப்பவை. லட்சக்கணக்கான தீர்ப்புகளின் நடையைப் பார்த்துப் பழகியதால் வழக்கின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அச்சு அசலாகவே இருக்கும். தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்திலும் சரளமாக எதையோ எழுதிவிடும்.

'நான் பயன்படுத்துவது சட்டத்துக்கென்றே உருவாக்கிய கட்டணக் கருவி, எனக்குப் பிரச்னை இல்லை' என்றும் இருந்துவிட முடியாது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் முன்னணி நிறுவனங்களின் அத்தகைய கருவிகளைச் சோதித்தபோது, 17 முதல் 33 சதவீதம் வரையிலான பதில்களில் இப்படிப்பட்ட பிழைகள் இருந்தன.

இந்தியாவில் நிலைமை என்ன?

2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் ஒரு உத்தரவு பிறப்பித்தது. அதில் காட்டப்பட்ட தீர்ப்புகள் நிஜத்தில் இல்லை என்று தெரியவந்ததும், சில நாட்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரில் காட்டப்பட்ட தீர்ப்பும் அதில் ஒன்று.

அதற்கு முன், 2023 ஆகஸ்ட்டில் ஒரு வணிகமுத்திரை வழக்கில் சாட்ஜிபிடி பதிலை ஆதாரமாகக் காட்டியபோது, அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்குத் தனிக் கொள்கையே வெளியிட்டது. முடிவு எடுக்கவோ, தீர்ப்பு எழுதவோ ஏஐ-யைப் பயன்படுத்தக் கூடாது. அனுமதிக்கப்பட்ட கருவிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஏஐ செய்த மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ளவர் சரிபார்க்க வேண்டும். மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. இவை அதன் முக்கிய அம்சங்கள்.

வக்கீல்களுக்கு ஏற்கெனவே 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இருக்கிறது. தொழில்முறைத் தவறு நிரூபணமானால் கண்டிப்பு, தற்காலிகத் தடை, பதிவையே நீக்குவது வரை பார் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம்.

சரி, எதற்குப் பயன்படுத்தலாம்?

* 200 பக்க ஆவணத்தில் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று காலவரிசைப் பட்டியல் போட
* நோட்டீஸ், ஒப்பந்தம் போன்றவற்றின் முதல் வரைவு தயாரிக்க
* எதிர்தரப்பு என்னென்ன கேள்வி எழுப்பலாம் என்று யோசித்துப் பார்க்க
* சட்ட வாசகத்தைக் கட்சிக்காரருக்குப் புரியும் மொழியில் எளிமையாக்க

இந்த வேலைகளில் மூல ஆவணம் வக்கீலின் கையிலேயே இருக்கும், அல்லது பிழை கண்ணில் பட்டுவிடும். ஒரு ஜூனியர் எழுதிக் கொண்டு வரும் வரைவை சீனியர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்துத் திருத்த வேண்டியதுதான்.

மொழிபெயர்ப்பில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. சொத்து வழக்கில் வரும் 'விடுதலைப் பத்திரம்' என்பது, ஒருவர் தன் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது. இதைச் சிறையிலிருந்து விடுதலை என்ற பொருளில் ஆங்கிலத்துக்குக் கொண்டு போனால் என்ன ஆகும்? 'லீவ் கிராண்டட்' என்றால் கோர்ட் அனுமதி கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். 'விடுப்பு வழங்கப்பட்டது' என்று மொழிபெயர்த்தால் கதை கந்தல்.

எண் மாறினால் வழக்கே மாறும்!

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் உள்ளன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது, வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகும் பிரிவு. புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் அதே 482 முன்ஜாமீனுக்கான பிரிவு. ரத்து கோரும் மனு இப்போது 528-ன் கீழ் வரும். மோசடிக்கான '420' கூட இப்போது பிஎன்எஸ் 318(4). பழைய தரவுகளை அதிகம் படித்த ஏஐ இங்கே குழப்பிவிட வாய்ப்பு அதிகம். குற்றம் நடந்த தேதியைப் பொறுத்து பழைய சட்டமா, புதிய சட்டமா என்பதும் மாறும்.

ஒரு தீர்ப்பைச் சரிபார்ப்பது எப்படி?

மூன்று கேள்விகள் போதும்.

1. அப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறதா? உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகத் தேடலாம். மற்ற வழக்குகளுக்கு உயர் நீதிமன்ற இணையதளமும் இ-கோர்ட்ஸ் தளமும் உள்ளன. ஏஐ-யிடமே திரும்பக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது.

2. ஏஐ சொன்ன விஷயம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறதா? வழக்கு நிஜமாக இருக்கும், ஆனால் அதில் சொல்லாததைச் சொன்னதாக ஏஐ எழுதியிருக்கும். சம்பந்தப்பட்ட பத்தியைப் படித்தே ஆக வேண்டும்.

3. அது இன்றும் செல்லுபடியாகிறதா? மேல்முறையீட்டில் ரத்தாகியிருக்கலாம், பெரிய அமர்வு மாற்றியிருக்கலாம்.

கட்சிக்காரரின் ரகசியம் என்ன ஆகும்?

போலித் தீர்ப்பாவது கோர்ட்டில் மாட்டிக்கொள்ளும். ரகசியம் கசிந்தால் வெளியே தெரியாமலேயே போகலாம். கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதற்கு பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-வது பிரிவு பாதுகாப்பு கொடுக்கிறது. விவாகரத்து வழக்கின் விவரங்களையோ, போக்சோ வழக்கில் குழந்தையின் பெயரையோ இலவச ஏஐ-யில் ஒட்டினால், அது வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. பெயர், முகவரி, ஆதார் எண், சர்வே எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு 'அ', 'ஆ' என்று மாற்றிக் கேட்பது குறைந்தபட்ச எச்சரிக்கை.

அமெரிக்க பார் அசோசியேஷன் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உள்ளிடும் தகவலைக் கொண்டு தானே கற்றுக்கொள்ளும் கருவிகளில் கட்சிக்காரரின் ரகசியத் தகவலைக் கொடுப்பதற்கு முன், அவருக்கு விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்க வேண்டும். மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்குபவர்கள், ஏஐ-யால் மிச்சமான நேரத்துக்கும் சேர்த்து பில் போடக் கூடாது.

நீங்கள் கட்சிக்காரரா? இதைக் கவனியுங்கள்

பிரிட்டனில் 2025 ஜூனில் ஒரு வழக்கு. மனுவில் காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 தீர்ப்புகள் நிஜத்தில் இல்லை. அந்தத் தேடலை ஏஐ மூலம் செய்தவர் கட்சிக்காரர். வக்கீல் சரிபார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார். போலித் தீர்ப்புகளைத் தாக்கல் செய்வது நீதிமன்ற அவமதிப்பாகவும், மோசமான சந்தர்ப்பங்களில் குற்ற வழக்காகவும் ஆகலாம் என்று லண்டன் உயர் நீதிமன்றம் எச்சரித்தது.

அதனால் ஏஐ-யில் தேடிய எதையாவது வக்கீலிடம் கொடுத்தால், 'இது ஏஐ-யில் எடுத்தது' என்று சொல்லியே கொடுங்கள். உங்கள் மனுவில் காட்டப்படும் தீர்ப்புகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். வழக்கு விவரங்களை நீங்களே ஏஐ-யிடம் கொட்டுவதற்கு முன்பும் யோசியுங்கள். வக்கீலிடம் பேசுவதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு அங்கேயும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

போலித் தீர்ப்பு மாட்டினால் வக்கீலுக்கு அபராதத்தோடு போகலாம். ஆனால் அந்த மனுவை நம்பித்தான் ஒருவரின் ஜாமீனோ, வீடோ, ஜீவனாம்சமோ இருக்கிறது. கையெழுத்து போடும் முன் இன்னொரு முறை படித்துப் பார்ப்பது அவருக்காகத்தான்.