பெயர், இடம், காலம்: சேர்வராயன் மலைப் பதிவேடுகளும் ஈ.டி.எல். நூல்களும்

முன்னுரை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் ஓராண்டு நிலவரத்தைத் தொகுக்க முனைபவர் மூன்று நாட்காட்டிகளைப் புரட்ட வேண்டியிருக்கும். வருவாய்த் துறையின் கணக்கு பசலி ஆண்டில் ஓடுகிறது. அது ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். காப்பி விளைச்சல் அக்டோபர் முதல் செப்டம்பர் வரை கணக்கிடப்படுகிறது. மக்கள்தொகையோ ஆண்டுக் கணக்கே அன்று. 2011 மார்ச் 1 பிறந்த கணத்தின் நிலையைக் காட்டுவது. மூன்றையும் '2011' என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுக்கினால் அட்டவணை அழகாக இருக்கும். செய்தி தவறாக இருக்கும்.

பல மூலங்களிலிருந்து தரவை எடுத்தல், ஒரே அளவைக்கு மாற்றல், பொதுக் கிடங்கில் ஏற்றல் ஆகிய மூன்று செயல்களையும் கணினித் துறையினர் ஈ.டி.எல். என்கின்றனர். இக்கலை நூல்வழிப் பாடமாக வளர்ந்த வரலாற்றை, சேர்வராயன் மலையும் சேலமும் கண்ட பதிவேட்டு மரபோடு வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. எடுத்தலையும் ஏற்றலையும் நூல் கற்றுத் தரும். மாற்றலுக்கு வேண்டிய தீர்ப்பு, பெயர், இடம், காலம் மூன்றையும் ஒருசேர அறிந்தவருக்கே வாய்க்கும் என்பது இதன் கருத்து.

பாராமகால் முதல் கெசட்டியர் வரை

1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அவற்றை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த மன்றோ, மக்லியோட், கிரகாம் ஆகியோரும் ஊர்க் கணக்குகளைத் திரட்டி, வயல் வயலாக அளந்து, தீர்வை விதித்தனர். இரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. இப்பணியில் விளைந்த ஆவணங்கள் 1907 முதல் பாராமகால் பதிவுகள் என அச்சேறின. ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவைகளை ஒரே அளவைக்குக் கொண்டுவந்த அம்முயற்சி, இன்றைய மொழியில் சொன்னால், 'மாற்றல்' கட்டமே.

அடுத்த கட்டம் நூல் வடிவில் வந்தது. லெ ஃபனு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது, எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் 1918இல் வந்தது. 1820களில் ஆட்சியர் காக்பர்ன் மலைக்குக் கொண்டுவந்த காப்பி, நில வருவாய், குடிமதிப்பு, கோயில், சாதி வழக்கு எனப் பல கச்சேரிகளில் சிதறிக் கிடந்த செய்திகள் ஓரிடத்தில் வரிசைப்பட்டன. கிடங்கு என்ற சொல் இல்லாத காலத்துத் தரவுக் கிடங்கு இது. ஒரே வேறுபாடு, அச்சானபின் இக்கிடங்கைப் புதுப்பிக்க முடியாது. அடுத்த பதிப்புக்குத் தலைமுறைக்காலம் காத்திருக்க வேண்டும்.

பாடநூல்களின் வருகை

கணினி உலகில் இக்கலைக்கு முறையான வடிவம் 1988இல் கிடைத்தது. அவ்வாண்டு ஐ.பி.எம். ஆய்விதழில் பேரி டெவ்லினும் பால் மர்ஃபியும் எழுதிய கட்டுரை, அன்றாட அலுவல் அமைப்புகளையும் ஆய்வுக்கான களஞ்சியத்தையும் தனித்தனியே வைக்கும் கட்டமைப்பை விளக்கியது. 1992இல் பில் இன்மன் எழுதிய நூல், கிடங்குக்கு நான்கு இலக்கணம் வகுத்தது: பொருள்வாரி அமைப்பு, ஒருங்கிணைப்பு, காலக்குறிப்பு, ஏற்றியதை அழிக்காமை. 1996இல் ரால்ஃப் கிம்பல் பரிமாண மாதிரியைப் பாடமாக்கினார். அவர் ஜோ கசெர்ட்டாவுடன் சேர்ந்து 2004இல் எழுதிய நூல் ஈ.டி.எல்.லை மட்டுமே எடுத்துக்கொண்டது. டோன், ஹாலவி, ஐவ்ஸ் மூவரும் 2012இல் எழுதிய நூல், வெவ்வேறு அமைப்புகளின் புலங்களைப் பொருத்திப் பார்க்கும் கோட்பாட்டை விரித்தது.

இந்நூல்களின் எடுத்துக்காட்டுகள் அவை பிறந்த மண்ணைச் சேர்ந்தவை. கிம்பல் தொடங்குவது மளிகைப் பேரங்காடியின் விற்பனைச் சீட்டிலிருந்து. அங்கே கற்ற விதியை இங்கே பொருத்திப் பார்க்கும்போதுதான் அதன் வலிமையும் எல்லையும் தெரிகின்றன.

இடம்: எந்தச் சேலம்?

பதிந்த விவரம் காலப்போக்கில் மாறுவதால் எழும் 'மெல்ல மாறும் பரிமாணம்' என்ற சிக்கலுக்குக் கிம்பல் மூன்று வகைத் தீர்வு சொல்கிறார்: பழையதை அழித்துப் புதியதை எழுதுதல், தேதியோடு புதிய வரி சேர்த்தல், முந்தைய மதிப்புக்குத் தனிப் பத்தி ஒதுக்குதல். இதற்குச் சேலம் மாவட்டத்தைவிட நல்ல பயிற்சி இல்லை. 1965 அக்டோபர் 2இல் தருமபுரி பிரிந்தது. 1997 ஜனவரி 1இல் நாமக்கல் பிரிந்தது. கொல்லிமலையும் அதனோடு போயிற்று. தருமபுரியிலிருந்து 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனியானது.

முதல் வகைப்படி கொல்லிமலையின் மாவட்டத்தை 'நாமக்கல்' என்று திருத்தினால், 1997க்கு முந்தைய சேலத்தின் கூட்டுத்தொகைகள் எல்லாம் சத்தமில்லாமல் மாறிவிடும். மூன்றாம் வகைப்படி முந்தைய மதிப்புக்கு ஒரே பத்தி வைத்தால், சேலத்திலிருந்து தருமபுரிக்கும் அங்கிருந்து தன் பெயரிலான மாவட்டத்துக்கும் போன கிருஷ்ணகிரி அதில் அடங்காது. எந்நாள் முதல் எந்நாள் வரை என்று குறிக்கும் இரண்டாம் வகையே நிற்கிறது. இதைக் கவனியாதவர் 1991 கணக்கெடுப்பின் சேலத்தையும் 30,16,346 பேர் கொண்ட 2001இன் சேலத்தையும் ஒப்பிட்டு, மக்கள்தொகை சரிந்துவிட்டதாக எழுதிவிடுவார். சரிந்தது தொகையன்று, எல்லை.

பெயர்: ஒலியும் பொருளும்

ஒரே ஆளை இரு பதிவேடுகளில் இனங்காணும் வேலைக்கு 1946இல் ஹால்பர்ட் டன் 'பதிவு இணைப்பு' என்று பெயரிட்டார். அதற்குப் பழங்கருவி சவுண்டெக்ஸ்; ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் காப்புரிமை பெற்ற ஒலிக்குறியீடு. ஆங்கில எழுத்தில் 'ஷெவராய்' என்பதற்கு அது எஸ் 160 என்றும், 'ஷெர்வராய்', 'சேர்வராயன்' இரண்டுக்கும் எஸ் 616 என்றும் குறி தரும். ஒரே மலை இரண்டாகிறது. 'ஏற்காடு' ஒய் எழுத்தில் தொடங்கினால் ஒரு குறி, ஈ எழுத்தில் தொடங்கினால் வேறு குறி. முதலெழுத்தை அக்கருவி தொடுவதே இல்லை. ஃபெல்லெகி, சன்டர் இருவரும் 1969இல் தந்த கோட்பாடு இதைவிட நுட்பமானது: அரிய பெயர் ஒத்துப்போனால் மதிப்பு மிகுதி, பரவலான பெயர் ஒத்துப்போனால் மதிப்பு குறைவு. முருகன்கள் நிறைந்த ஊரில் இருவர் பெயர் முருகன் என்பதே சான்றாகிவிடாது.

ஒலி ஒத்தும் பொருள் வேறுபடுவது இன்னும் கடினம். சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் 'மலையாளி' எனப்படுகின்றனர், கேரளத்தாரும் மலையாளிகளே. பட்டியல் பழங்குடி அட்டவணை இப்பெயரைச் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு முதலான மாவட்டங்களின் பெயரோடு சேர்த்தே குறிப்பிடுகிறது. இடம் இல்லாமல் இப்பெயருக்குப் பொருள் இல்லை என்பதை அட்டவணை எழுதியவர்கள் அறிந்திருந்தனர். தாவரவியலில் இது தலைகீழாக, பொருள் ஒன்று, பெயர் இரண்டு என நிகழ்கிறது: கேம்பிள் வெர்னோனியா பேரினத்தில் வைத்து 'செவரோயென்சிஸ்' என மலையின் பெயரைச் சூட்டிய செடி, பின்னர் மோனோசிஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பழைய பெயரிலும் தேடத் தெரியாதவருக்குப் பாதிச் சான்று கிட்டாது.

பட்டாவும் எழுத்துருவும்

தமிழ்நாட்டில் இக்கலை அன்றாட வாழ்வைத் தொடும் இடம் நிலப் பதிவு. பதிவுத் துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018இல் வந்தது. அது வருவாய்த் துறையின் தமிழ்நிலம் மென்பொருளோடு இணைக்கப்பட்டது. பத்திரம் ஏக்கர், செண்ட் பேசும். பட்டா ஹெக்டேர், ஏர்ஸ் பேசும். 2.47 என்ற எண்ணால் அது தீர்ந்துவிடும். சர்வே எண் அப்படித் தீராது. யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுப் பணிக்குப் பின் உட்பிரிவுகள் மாறியதால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டை அ-பதிவேட்டின் ஒரு பத்தி சுமந்து நிற்கிறது. நூல்கள் 'இணைப்பு அட்டவணை' என்பதைக் கிராமக் கணக்கு முன்பே வைத்திருந்தது.

எழுத்திலும் ஒரு மாற்றல் உண்டு. 1999இன் தமிழ்நெட் மாநாட்டை அடுத்து டாம், டாப் குறியேற்றங்கள் தரமாயின. அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்கள் புழங்கின. 2010இல் அரசு யுனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. பழைய கோப்பு எந்தக் குறியேற்றத்தில் தட்டச்சானது என்று அறியாமல் ஏற்றினால், ஊர்ப்பெயர் புரியாத குறிகளாக வந்து விழும்.

முடிவுரை

இவ்வரலாற்றில் தொழில்நுட்ப நூல் புதிய சிக்கல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பழைய சிக்கல்களுக்குப் பெயரிட்டு, விதியாக்கி, யாரும் கற்கும்படி செய்தது. அதுவே அதன் பெருமை. ஆனால் எந்தப் பத்தியைச் சாவியாகக் கொள்வது என்பதை மளிகைக்கடை எடுத்துக்காட்டு சொல்லாது. பெயர் மட்டும் சாவியானால் மலையாளி குழம்புகிறார். இடம் மட்டும் சாவியானால் சேலம் சுருங்குகிறது. காலம் மட்டும் சாவியானால் பசலியும் காப்பிப் பருவமும் மோதுகின்றன. ஆகவே மேல்நிலை ஈ.டி.எல். கற்பவர் கிம்பலின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தம் வட்டத்தின் பதிவேடு ஒன்றைப் பயிற்சித் தரவாக எடுத்துக்கொள்வது நலம். விதி உடையும் இடத்தில்தான் அவருடைய படிப்பு தொடங்குகிறது.